மூன்றாவது இலை

பேக்கரிக்காரர் இன்று காலை கொடுத்த பன் இன்னும் சூடாகவே இருந்தது. பாக்கெட்டை சைக்கிள் கூடையில் வைத்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதுதான் தாமதம், நீ பக்கத்தில் வந்து நின்றுவிட்டாய். "இன்னா மாத்திர, நாலு பன்னு வாங்கிக்கிறியே, சாமிக்கு ஒண்ணு, உனக்கு மூணா?" என்று கேட்கிற மாதிரியே இருந்தது. போடி. கேட்க நீ இருந்தால் நாற்பது பன் வாங்குவேன்.

சுரங்கக் கம்பெனியின் இந்த டவுன்ஷிப்பில் என்னை "மாத்திர" என்று கூப்பிட்டவள் நீ ஒருத்திதான். மார்க்கெட் மெடிக்கல் ஷாப்பில் கவுண்டருக்குப் பின்னால் நான். முன்னால், சர்க்கரை மாத்திரைச் சீட்டோடு, தோட்ட வேலைக்கு உடுத்துகிற பச்சைப் புடவையில் நீ. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னாராம். "நாள் பூரா காண்ட்ராக்ட்டுல எல கூட்டிகினு நடக்கிறேன், இன்னும் எங்கதான் நடக்கிறது?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாய், சீட்டு எழுதியதே நான்தான் என்பது போல. எனக்கும் அதே வியாதிதான், அதே மாத்திரைதான். சைக்கிள் ஓட்டலாம் வா என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்லி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே குவார்ட்டர்ஸ் வாசலில் பெல் அடிக்கிறது. உன் மகளுக்குப் பிளஸ் ஒன் படிக்கையில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள், கூடையில் ஒரு தண்ணீர் பாட்டில், முறுக்குப் பொட்டலம். என் வீட்டுக்காரர் நைட் ஷிஃப்ட் முடித்துப் படுத்தவர், "யாருடி அது, மில்க் பூத்தா?" என்று கேட்டுவிட்டுப் புரண்டு படுத்தார்.

டவுன்ஷிப்புக்குள்ளேயே வேப்பமர நிழலில் நாலு ரவுண்டு என்றுதான் நான் நினைத்திருந்தேன். நீயோ டவுன்ஷிப் வாசல் ஆர்ச்சைத் தாண்டி முத்தாண்டிக்குப்பம் ரோட்டில் திரும்பிவிட்டாய். இரண்டு பக்கமும் முந்திரிக் காடு, செம்மண், ஓர் ஆள் இல்லை. அந்த வழியிலே ஒரு சின்ன ஊரில் பள்ளிக்கூடச் சுவரில் பதித்திருந்த வெள்ளைக் கல்லின் முன்னால் இறங்கினாய். "என்னா எழுதியிருக்குது, படி." இங்கிலீஷ் எழுத்து. முதல் உலகப் போருக்கு இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் இறந்தார்கள் என்று படித்துச் சொன்னேன். கையால் கல்லை ஒரு தடவு தடவினாய். "இது இல்ல" என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிவிட்டாய்.

அடுத்த ஞாயிறு இன்னோர் ஊர், இன்னொரு கல். அதற்கடுத்த ஞாயிறு ஒரு பழைய கோட்டை மேட்டின் ஓரம் யாரோ தளபதியின் சமாதி. மூன்றாவது வாரம் எனக்குப் பொறுக்கவில்லை. "சர்க்கரைக்கு சைக்கிள் ஓட்டலாம்னு கூப்பிட்டா, நீ செத்தவங்க அட்ரஸா தேடிட்டுப் போறியே?" என்று கேட்டேன். திரும்பி வரும்போது சுரங்கத்து வேலி ஓரமாக சைக்கிளை நிறுத்தினாய்.

நான் பிறந்தது முதல் இந்த ஊர்தான். அப்பா திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்தவர். சொந்த ஊர் எது என்று கேட்டால் ப்ளாக் நம்பரைச் சொல்கிற ஜாதி நாங்கள். சுரங்கத்தை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு நீ அந்தப் பெரும் பள்ளத்தின் நடுவில், ஒன்றுமே இல்லாத வெளியில், ஒரு பருந்து சுற்றிக்கொண்டிருந்த இடத்தைக் காட்டினாய். "அதோ, அந்தக் காத்து நிக்குது பாரு, அங்கதான் எங்க வூடு இருந்திச்சி. அதுக்குப் பக்கத்துல சுடுகாடு. பள்ளிக்கூடத்தாண்ட அந்தக் கல்லு." ஒரு வீடு இருந்த உயரத்தில் இப்போது பருந்து பறக்கிறது. அதற்குக் கீழே, எவ்வளவோ கீழே, பொம்மை மாதிரி மண்வெட்டும் இயந்திரம் ஊர்ந்துகொண்டிருந்தது.

அங்கே நின்றுதான் விஷயத்தைச் சொன்னாய். உன் அப்பாவின் தாத்தா அந்தப் போருக்குப் போனவர். திரும்பவில்லை. செத்தார் என்று தகவலும் இல்லை. கப்பல் இறங்கின ஊரிலேயே பட்டாளத்தை விட்டு ஓடி, அங்கே யாரையோ சேர்த்துக்கொண்டார் என்று எவனோ கிளப்பிவிட்டான். அன்றிலிருந்து உங்கள் வீட்டுக்கு "ஓடிப் போனவன் வூடு" என்று பேர். அவர் மனைவி தாலியைக் கழற்றவும் வழியில்லாமல், சுமங்கலி என்று யாரும் கூப்பிடவும் இல்லாமல் செத்தாளாம். அந்தப் பேச்சு தாங்காமல் உன் அப்பா ஊர் காலியாவதற்கு முன்பே உங்களைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். கம்பெனி சுரங்கத்துக்கு நிலம் எடுத்து ஊரே கலைந்தபோது, கல்லை யாரோ தூக்கிப் போனதாக மட்டும் உனக்குத் தெரியும்.

"மத்த கல்லுல இல்லன்னா என்ன, எங்க கல்லுல அவரு பேரு இருக்கும். செத்தாரா ஓடினாரான்னு எழுதியிருக்கும். எனக்கு அது தெரியணும் மாத்திர" என்றாய். அதற்குப் பிறகு நான் முணுமுணுக்கவே இல்லை. சரி, கொஞ்சம் முணுமுணுத்தேன், ஏற்றத்தில் மட்டும்.

மேல்பட்டாம்பாக்கம் பக்கம் போன நாள் நினைவிருக்கிறதா? பண்ருட்டி வரைக்கும் பலாப்பழ வண்டியில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு, பழத்தோடு பழமாக உட்கார்ந்து போனோம். அங்கே ஒரு பழைய கல்லறைத் தோட்டம். சின்ன வயதிலேயே செத்துப்போன ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயின் கல்லை நான் படித்தேன். பேர், ஊர், வயது, அப்பா அம்மா பேர் எல்லாம் இருந்தது. நீ அதற்குள் கையாலேயே கல்லின் மேல் கிடந்த சருகை எல்லாம் கூட்டித் தள்ளிவிட்டாய். வேலைப் பழக்கம். "இவங்க அம்மா பேரு கூடப் போட்டுக்கிறாங்க பாரு. நல்லா இருக்கட்டும்" என்றாய். உன் குரலில் பொறாமை துளிகூட இல்லை. எனக்குத்தான் இருந்தது.

கடைசியில் கல்லைக் காட்டிக்கொடுத்தது ஒரு டீக்கடை. உன் ஊர்க்காரர்களில் ஒரு தெரு ஆட்களுக்கு ரோட்டோரம் மனை கொடுத்துக் குடி வைத்திருந்தார்களே, அந்தக் காலனியில் பட்டாளத்தார் என்று ஒரு சாமி இருப்பதாக அந்தக் கடைக்காரம்மாதான் சொன்னது. ஓடினோம். வேம்படியில் தகரக் கொட்டகை, அதற்குள் இடுப்புயரக் கல். வாராவாரம் பூசின மஞ்சள் அப்பி அப்பி எழுத்தே தெரியாமல் கெட்டியாகிக் கிடந்தது. சிவப்புத் துண்டு கட்டி, பொட்டு வைத்திருந்தார்கள். நீ குனிந்து ஒரு மூலையை நகத்தால் சுரண்டப் போனாய்.

"சாமி மேல கைய வெக்காதம்மா" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பூசாரி. சுரங்கத்தில் வேலை செய்கிற மனிதர். ஷிஃப்ட் பேண்ட்டின் மேலேயே வேட்டியைச் சுற்றியிருந்தார். "ஆடி கடைசி ஞாயிறு கழுவுவோம். அன்னிக்கு வாங்க, கண்ணால பாத்துக்குங்க. தொடக்கூடாது."

ஆடிக்கு இரண்டு மாதம் இருந்தது. அந்த இரண்டு மாதத்தில் உன் கால் வீங்க ஆரம்பித்தது. சிறுநீரகம் என்றார்கள். அந்த ஞாயிறு காலை பஸ்ஸில் போகலாம் என்று உன்னைக் கெஞ்சினேன். "அம்மாந்தூரம் கப்பல்ல போயி செத்தாரோ என்னவோ, நான் இம்மாந்தூரம் சைக்கிள்ல போவக்கூடாதா?" என்றாய். ஆடிக் காற்று எதிர்த்து அடித்தது. மண் கண்ணில் விழுந்தது. இறங்கித் தள்ளினோம், உட்கார்ந்தோம், மறுபடி ஏறினோம். வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். பயத்தில் எனக்குத் திட்டத்தான் வரும், உனக்குத் தெரியும்.

நாம் போய்ச் சேர்ந்தபோது கல்லுக்கு முன்னால் மூன்று வாழை இலை போட்டிருந்தார்கள். சோறு, கருவாட்டுக் குழம்பு, முருங்கைக்கீரை. பட்டாளத்தில் ரொட்டிதானே தின்றிருப்பார்கள் என்று இலைக்கு ஒரு பன். பூசாரி நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்திருந்தார். புளித்தண்ணீர் விட்டு, தேங்காய் நாரால் தேய்க்கத் தேய்க்க மஞ்சள் கரைந்து காலடியில் ஓடியது. மெதுவாக எழுத்து வெளியே வந்தது. கூட்டத்தில் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் இருந்தார்கள். ஆனால் சாமிக்கு எழுத்து உண்டு என்று யாருக்கும் தோன்றியதில்லை, கழுவினதும் மறுபடி மஞ்சள் பூசிவிடுவார்களாம்.

நான் படித்தேன். இந்த ஊரிலிருந்து ஒன்பது பேர் போருக்குப் போனார்கள். அவர்களில் மூன்று பேர் உயிர்விட்டார்கள். அவ்வளவுதான்.

"பேரு?" என்றாய்.

"பேர் போடலைடி."

உன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அத்தனை ஞாயிறு, அத்தனை ஊர், அந்தக் காலை வைத்துக்கொண்டு வந்த தூரம் எல்லாம் இதற்கா என்று எனக்கு அந்தக் கல்லின் மேலேயே கோபம் வந்தது. அப்போதுதான் பூசாரி நாரைக் கீழே போட்டார். "எத்தினி பேர் செத்தாங்கன்னு சொன்னீங்க?"

"மூணு."

அவர் இலைகளைப் பார்த்தார். கூட்டமே இலைகளைப் பார்த்தது. "எங்கப்பன் மூணு எல போட்டாரு. அவங்கப்பன் மூணு போட்டாரு. ஏன் மூணுன்னு கேட்டா, மூணுதாண்டா, போடுன்னுவாங்க" என்றார். கல்லைப் படித்தவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஊர் போய்விட்டது, ஊர் இருந்த மண்ணும் போய்விட்டது. ஆனால் செத்தவர்களின் கணக்கு வருடா வருடம் சோறாக வந்து இலையில் விழுந்திருக்கிறது. நான் படித்த படிப்பில் இதற்குச் சமமாக ஒன்றையும் இன்றுவரை கண்டதில்லை.

பூசாரி வழக்கப்படி முதல் இலைக்கு முன்னால் நின்று, "எந்த வூடு?" என்று குரல் கொடுத்தார். ஒரு குடும்பம் முன்னால் வந்து தங்கள் வீட்டுப் பேரைச் சொல்லிப் பன்னை எடுத்து வைத்தது. இரண்டாவது இலைக்கும் ஒரு வீடு வந்தது. மூன்றாவதற்கு அவர் கேட்கவில்லை. "இது கேப்பாரில்லாத எல, நானே வெச்சிடுவேன்" என்று குனிந்தார்.

நீ முன்னால் போனாய். வீங்கின காலோடு, தடுமாறாமல் போனாய். "கேளுங்க" என்றாய்.

அவர் நிமிர்ந்தார். "எந்த வூடு?"

"ஓடிப் போனவன் வூடு."

சனங்களிடையே ஒரு சலசலப்பு. பூசாரி உடைத்து வைத்திருந்த தேங்காய் மூடிகளைப் பார்த்தார். உயிரோடு திரும்பி வந்தவர்களின் வீடுகளுக்கு ஆளுக்கு ஒரு மூடி கொடுப்பது அவர்கள் வழக்கம். விரலை மடக்கி வீடு வீடாகப் பேர் சொன்னார். ஆறு வீடு. ஆறு வீட்டாரும் அங்கேயே நின்றிருந்தார்கள். "போனது ஒம்போது. வந்தது ஆறு, இதோ நிக்கிறாங்க. மிச்சம் மூணு. மூணும் செத்ததுன்னு கல்லு சொல்லுது" என்றவர், உன் பக்கம் திரும்பிக் கேட்டார்: "அப்ப எவம்மா ஓடினது?"

நீ அழவில்லை. நான்தான் அழுதேன், மூக்கைச் சிந்திக்கொண்டு, ஊரே பார்க்க. நீ பன்னை இலையில் வைத்தாய். பிறகு உன் புடவைத் தலைப்பால் அந்த இலையைச் சுற்றிக் கிடந்த சருகைக் கூட்டினாய்.

திரும்பும்போது கல்லுக்குப் பூசிய மஞ்சளில் கொஞ்சம் கேட்டு வாங்கி, இலையில் மடித்துக் கூடையில் வைத்தாய். அது வழியெல்லாம் கசிந்து கறையாகிவிட்டது. அந்தக் கறை இன்னும் இருக்கிறது. சைக்கிள் இப்போது என்னுடையது. தையில் நீ போன பிறகு உன் மகள் அதைத் தள்ளிக்கொண்டு வந்து, "அம்மா உங்களுக்குத்தான் சொல்லுச்சி ஆன்ட்டி" என்று என் வாசலில் நிறுத்தினாள். நான் பெல்லை ஒரு தடவை அடித்துப் பார்த்தேன்.

அந்த வருட ஆடியில் உன் மகளுக்கு மாசம் எட்டு. வரக்கூடாது என்றார்கள். எனக்கு அந்த இலை என்னவாகும் என்று தூக்கமே இல்லை. மறுபடி கேட்பாரில்லாத இலை ஆகிவிட்டால், அந்த மனுஷன் மறுபடி ஓடிப் போனவன் ஆகிவிடுவாரே. உன் சைக்கிளில், அதே ஆடிக் காற்றில், பன்னை வைத்துக்கொண்டு தனியாகப் போனேன்.

இன்றும் அதே பாதையில்தான் போகப் போகிறேன். வருடா வருடம் போகிறேன். ஆனாலும் அப்படித் தனியாகப் போன அந்த முதல் தடவைதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்று இரண்டு வீடும் வந்து போன பிறகு பூசாரி மூன்றாவது இலைக்கு முன்னால் நின்றார். என்னைப் பார்த்தார். நான் யார், எந்த ஊர், எந்த ஜாதி என்று எல்லாம் அவருக்குத் தெரியும். இருந்தாலும் கேட்டார்.

"எந்த வூடு?"

வாழ்நாள் முழுக்க "வீடு" என்றே சொல்லிப் பழகின வாய் எனக்கு. அன்றைக்கு உன் வாய்தான் வந்தது.

"ஓடாதவர் வூடு" என்றேன்.

பூசாரி விலகி எனக்கு வழி விட்டார்.