பாடி எது, பார்டர் எது, மாமா?

என்னைக் கிண்டல் செய்யாமல் ஒரு வாய் காபி குடிக்காத என் அன்பு மாமாவுக்கு,

உங்கள் மச்சான் எழுதுகிறேன். அக்கா நன்றாக இருக்கிறாள். பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் எப்போதும்போல விடியும்போதே தொடங்கிவிடுகிறது. செவிலிமேடு டவுன் பஸ்ஸில் உங்கள் இடத்துக்கு வந்திருக்கும் புதுக் கண்டக்டர் நல்ல பிள்ளைதான். டிக்கெட்டைக் கொடுக்கிறார், சில்லறையைக் கொடுக்கிறார், வாயை மூடிக்கொள்கிறார். உங்கள் பஸ்ஸில் ஏறிப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை தெரியுமா? கதை முடியாததால் ஸ்டாப்பை விட்டுவிட்டு, உங்களைத் திட்டிக்கொண்டே நடந்து வந்தவர்கள்தான் இப்போது உங்களை அதிகம் தேடுகிறார்கள்.

ஊர்க்கதை சொல்வதில் உங்களுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. கல்வெட்டிலும் பழைய பத்திரத்திலும் தேடித் தெரிந்துகொண்டது பாடி. நீங்களாகச் சேர்த்தது பார்டர். நடுவில் நிறுத்தி, விரலைத் தூக்கி, "இனிமே பார்டர்பா" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவீர்கள். புடவை நெய்கிற தெருவில் அதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. "பொடவைய பிரிச்சா எல்லாரும் மொதல்ல பார்டரத்தான் தொட்டுப் பாக்கறாங்க, மச்சான். அதுக்காக பாடி இல்லாம நெய்ய முடியுமா?" என்பீர்கள்.

நீங்கள் போன அன்று வாசலில் யாரோ, "பாடிய எப்போ எடுக்கறீங்க?" என்று கேட்டார். அப்போ பார்டர மட்டும் வுட்டுட்டுப் போவாங்களா என்று உங்கள் குரல் எனக்குள் கேட்டது. சாவு வீட்டில் சிரித்துவிடுவேனோ என்று பயந்து பின்கட்டுக்குப் போய்விட்டேன். அழவில்லை, மாமா. சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் தெருமுனையில் சாய்ந்து நிற்கிற கல் இருக்கிறதே, அதில் கோயில் விளக்கு எரிய யாரோ நிலம் கொடுத்ததாக எழுதியிருக்கிறது. கொடுத்தவர் பெயர் தேய்ந்துவிட்டது. அது பாடி. ராஜா ஒருவர் ராணிக்குப் புடவை கேட்டு வந்தார், நெசவாளர் "நாளைக்கு வாங்க" என்றார், ராஜா தினமும் வந்து கல்லில் சாய்ந்து காத்திருந்து காத்திருந்து கல்லே சாய்ந்துவிட்டது. அது பார்டர். மணல் லாரி ரிவர்ஸ் எடுத்தபோது கல் சாய்ந்ததை நாம் இரண்டு பேரும் நின்று பார்த்தோமே!

நீங்கள் அதைச் சொல்லும்போது சென்னையிலிருந்து வந்த ஒருவர் செல்போனில் எடுத்திருந்தார். நீங்கள் போன பிறகு அதைச் சுருக்கி வாட்ஸப்பில் விட்டார். "இனிமே பார்டர்பா" என்ற இடத்தில் நீங்கள் ஏதோ புடவை வியாபாரம் பேசுவதாக நினைத்து, அதை மட்டும் வெட்டிவிட்டார். பாவம், நல்ல மனசோடு செய்ததுதான். ஊர் முழுக்க ராஜா உண்மையாகிவிட்டார்.

உங்கள் நினைவாக அந்தக் கல்லருகே பலகை வைப்பது என்று தெருவில் பேசினார்கள். ராஜா கதை, கீழே உங்கள் பெயர். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிற எனக்குத்தானே அந்த வேலை வரும்? கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தால் கை ஓடவில்லை. நாளைக்கு விவரம் தெரிந்த ஒருவர் கல்லைப் படித்துச் சிரித்தால், நீங்கள் அலைந்து சேர்த்த அத்தனையும் கட்டுக்கதை என்றாகிவிடும். முடியாது என்று சொன்னாலோ, ஆசையாக வந்து கேட்டவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?

பிள்ளையார் கோயில் வாசலில் தெருக்காரர்கள் கூடியபோது நான் மென்று விழுங்கிக்கொண்டிருந்தேன். அக்கா எழுந்துவிட்டாள்.

"அவரு சொன்னதுல பாதிதான் போனுல சுத்திக்கினு இருக்குது. பார்டர்னு சொல்லாம அவரு ஒரு நாளும் அளந்ததில்ல. அத வுட்டுட்டு பலகை வச்சீங்கன்னா அவரப் பொய்யராக்கிடுவீங்க."

எதிர்வீட்டு நெசவாளர் அண்ணன் விடவில்லை. "வெறும் வெளக்கு, நெலம்னு போட்டா எவம்மா நின்னு படிப்பான்? பார்டர் இல்லாத பட்டு வெல போவுமா?"

"பார்டர் வேணாம்னு நான் எங்கண்ணா சொன்னேன்? பாடி ஒரு கலரு, பார்டர் ஒரு கலருன்னுதானே கோர்வை போடறீங்க? அதே மாதிரி போடுங்க. ரெண்டும் சேர்ற எடம் கண்ணுக்குத் தெரியட்டும்."

அண்ணன்தான் முதலில் சிரித்தார். இரண்டு நிறத்தையும் தனித்தனியாக நெய்து இணைக்கிற கோர்வைதானே அவர் பிழைப்பு!

பலகையையே புடவையாக அடித்துவிட்டேன், மாமா. நடுவில் பச்சை: விளக்கு, நிலம், மணல் லாரி. சுற்றிலும் அரக்கு பார்டர்: ராஜா, ராணி, "நாளைக்கு வாங்க." கீழே உங்கள் பெயரும், "பாடி ஊருடையது, பார்டர் இவருடையது" என்று ஒரு வரியும். இப்போது டீக்கடையில் யாராவது அளந்தால், "பாடியா பார்டராண்ணா?" என்று கேட்கிறார்கள். சாக்கடை அடுத்த வாரம் சரியாகிவிடும் என்று சொன்னவரையும் கேட்டார்கள்.

பலகையைப் பற்றிக் கேள்விப்பட்டு, பழைய எழுத்து படிக்கத் தெரிந்த ஒரு அம்மா வந்து கல்லில் காகிதம் ஒட்டி, மை தடவி, எழுத்தை மைப்படி எடுத்துப் போனார். தேய்ந்த பெயரில் கொஞ்சம் தேறும் என்கிறார். நிலம் கொடுத்தது ஒரு பெண்ணாக இருக்கலாமாம். அதைக் கேட்க நீங்கள் இல்லையே என்றுதான் வருத்தம்.

போன வாரம் பஸ்ஸில் புதுக் கண்டக்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அந்தக் கல்லு கதைய எனக்கும் சொல்றீங்களா சார்? ஏர்றவங்க எல்லாம் கேக்கறாங்க" என்றார். சொன்னேன். ராஜா வருகிற இடத்தில் என் விரல் தானாகத் தூக்கிக்கொண்டது. கதை முடிவதற்குள் என் ஸ்டாப் போய்விட்டது. உங்களைத் திட்டிக்கொண்டே நடந்து வந்தேன்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். உங்கள் கதையை எங்கே சொன்னாலும் விரலைத் தூக்காமல் பார்டருக்குள் போகமாட்டேன். அதை இந்தக் கடிதத்திலேயே தொடங்குகிறேன். பின்கட்டில் அழவில்லை என்று மேலே எழுதினேன் இல்லையா?

அது பார்டர், மாமா.

உங்கள் கிண்டலுக்கு இன்னும் காது கொடுத்திருக்கும்,
உங்கள் மச்சான்