சீப்புக் கல்

1924 மார்ச் 11, சக்குபள்ளம்
பிலோமிக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. எஸ்டேட் கம்பவுண்டரின் பெண்டாட்டிக்கே கொயினா மருந்து பலிக்கவில்லை என்று கூலிகள் லயத்தில் பேச்சு. பேசட்டும்.
மருந்து கொடுக்கப் போன என்னைத் துரை பிடித்து உட்காரவைத்துப் படப் புத்தகம் காட்டினார். அவருடைய ஸ்காட்லாந்தில் பிக்துகள் என்ற பழைய ஜனங்கள் நட்ட கற்கள். பிறை, ஒடிந்த அம்பு, கண்ணாடி, சீப்பு. ஊர் ஊராக அதே சீப்பு. "ஏன், மிக்கேல்? யாருக்கும் தெரியாது. பொம்பளை கல்லா இருக்கும்" என்றார். சின்ன வயதிலிருந்தே இதே யோசனையாம். வேலையற்ற வேலை.

மார்ச் 19
பிலோமி போய்விட்டாள்.

ஏப்ரல் 6
மரச்சிலுவை இந்த மலை மழைக்குத் தாங்காது. அம்மி கொத்தும் கருத்தப்பாண்டியைக் கூப்பிட்டு, அவள் கல்லில் சீப்பும் கண்ணாடியும் கொத்தச் சொன்னேன். பேர் வெட்டலாமே என்றார் துரை. அவளுக்கு எழுத்துத் தெரியாது. சீப்பு தெரியும். எத்தனை பிந்தினாலும் தலை வாராமல் வாசல் தாண்டமாட்டாள், அப்படி ஒரு வீம்பு.

மே 25
வயிறு எரிகிறது. லயத்து வேலுத்தாயின் மகளும் அதே காய்ச்சலில் போனவள், அவள் கல்லிலும் சீப்பு, கண்ணாடி! அப்பால் இன்னும் சிலதிலும். கருத்தப்பாண்டிமேல் பாய்ந்தேன்.
"எல்லாரும் அதையேதான் கேட்டாக. பொம்பளைக்கு இதான் வைக்கணும்னு துரையே சொன்னாராம்லா. நான் என்னத்தக் கண்டேன்?"
ஏன்டா, என் பெண்டாட்டிக்கு வைத்தது ஊருக்கெல்லாமா?
துரையிடம் சொன்னேன். "பிக்துகளும் இப்படித்தானோ!" என்று எழுந்தே விட்டார். அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. எனக்கு?

ஜூலை 22
விடாத மழை. கல்லறைமேடு முழுக்கச் சரிந்து ஓடைக்குள் போய்விட்டது. மாதாவே — அவளை எங்கே தேடுவேன்?

ஆகஸ்ட் 17
ஓடையில் கிடைத்த கற்களை வேலியோரம் சாத்தியிருக்கிறார்கள். ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். ஒரே உளி, ஒரே கை. கொத்தியவனுக்கே அடையாளம் தெரியவில்லை, உட்கார்ந்து அழுகிறான். சீப்பு என்றால் பெண். சரி, எந்தப் பெண்?
துரை இப்போது புத்தகத்தை எடுப்பதில்லை.

நவம்பர் 3
நேற்று ஞாயிறானதால் இன்று கல்லறைத் திருநாள். மெழுகுவர்த்தியோடு போனேன். மூலையில் சிறு உடைசல் உள்ள கல்தான் பிலோமியுடையது என்று சில நாளாக ஒரு எண்ணம். பாதி நம்பிக்கைதான். அதுவாவது இருந்தது.
வேலுத்தாய் எனக்கு முந்தியிருந்தாள். அதே கல்லைக் கழுவிப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். "கம்பவுண்டரய்யா, நீங்க படிச்சவுக. இது எம் புள்ளதானா?" என்றாள்.
மூலை உடைசலைத் தொட்டுப் பார்த்தேன்.
"ஆமா தாயி. உம் புள்ளதான்."
மெழுகுவர்த்தியைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.