மாடி வீட்டுக்கு ஒரு கணவர்

ஆறாம் தேதி

வாய் திறவாத தச்சருக்கு,

இங்கே நான் நலம், அங்கே உங்கள் இடுப்புவலியும் உங்களோடு நலமாக இருக்கும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். போன வாரம் நான் உங்களைச் சாகடித்துவிட்டேன்.

கோபப்படாமல் மேலே படியுங்கள். நான் தங்கியிருக்கிற பெண்கள் விடுதியை இடித்துக் கடை கட்டப்போகிறார்களாம். மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். தெற்கே இந்தச் சின்ன நகரத்தில் தனியாக இருக்கிற பெண்ணுக்கு வீடு கிடைப்பது லேசில்லை. தையல் கம்பெனி விட்டதும் வாடகை போர்டைத் தேடி அண்ணாந்தே நடக்கிறேன். கழுத்து சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம். முதல் வீட்டில், "வீட்டுக்காரர் எங்கேம்மா?" என்றார்கள். "அவர் அவங்க அண்ணன் வீட்டுல இருக்கார், நான் ரெண்டு வருஷமா இங்க தனியா இருக்கேன்" என்று உண்மையைச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டார்கள். அடுத்த வீட்டில் கொஞ்சம் இரக்கம் வரட்டுமே என்று, "தவறிட்டார்" என்றேன். அந்த அம்மா அழுதே விட்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது, ஏனென்று தெரியவில்லை. இரண்டு பேரும் நன்றாக அழுது முடித்த பிறகு, "ஆம்பளைத் துணை இல்லாதவங்களுக்கு நாங்க விடறதில்லைம்மா" என்றார். செத்தும் உங்களால் ஒரு உபயோகமும் இல்லை.

மூன்றாவது ஒரு மாடி வீடு. ஒரு அறை, ஒரு சமையலறை, ஜன்னலோரம் மிஷின் போட நல்ல வெளிச்சம். நான் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும். ஓனர் ரிடையர் ஆன கணக்கு வாத்தியார், எதையும் இரண்டு தடவை கேட்கிறார். "புருஷனைக் கூட்டிட்டு வாம்மா. ஆளைப் பாத்துப் பேசிட்டுத்தான் சாவி" என்று சொல்லிவிட்டார். இந்தத் தடவை உங்களை உயிரோடு வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு நாள் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போங்கள். பேச வேண்டியதை நான் பேசிக்கொள்கிறேன், எப்போதும் போல.

இப்படிக்கு,
மறுபடியும் சுமங்கலியான
உங்கள் வாயாடி

பத்தாம் தேதி

வாயாடிக்கு,

கடிதம் கிடைத்தது. நான் செத்ததை அண்ணனிடம் சொல்லவில்லை. லீவு போட்டு ஒரு நாள் வரலாம். ஆனால் வந்து தலையைக் காட்டிவிட்டுப் போனால், அடுத்த மாதம் உன் புருஷன் எங்கே என்று வாத்தியார் கேட்பார். அப்போது என்ன சொல்வாய்? யோசித்து எழுது.

தச்சன்

பதினான்காம் தேதி

தச்சருக்கு,

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நீங்கள் என்னைக் கேட்ட முதல் நல்ல கேள்வி இது. பக்கத்து மிஷின்காரியிடம் படித்துக் காட்டினேன். "உன் ஆளுக்கு விவரம் இருக்குடி" என்றாள். எனக்கே புதுச் செய்தி.

அடுத்த மாதம் கேட்டால் வேலைக்குப் போயிருக்கிறார் என்பேன். அதற்கடுத்த மாதமும் அதையே சொல்வேன். பிறகு ஒரு நாள் மறுபடியும் உங்களைச் சாகடிக்க வேண்டி வரும். என்னால் அது முடியாது. விளையாட்டுக்குச் சொன்ன பொய்க்கே அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை.

நான் உங்களை விட்டு வரவில்லை, உங்கள் அண்ணன் வீட்டுக் கூடத்தை விட்டுத்தான் வந்தேன். உங்கள் அண்ணி தங்கமானவர், அண்ணனும் அப்படித்தான். ஆனாலும் எல்லோரும் தூங்கின பிறகு பாய் விரித்து, எல்லோரும் எழுந்திருக்கும் முன்னே சுருட்டி வைக்கிறது எத்தனை வருஷம்? நம்மால் மெதுவாகச் சிரிக்கக்கூட முடிந்ததில்லை. தனி வீடு பார்ப்போம் என்று நான் கேட்டபோதெல்லாம் நீங்கள் மரத்தை இழைத்துக்கொண்டிருந்தீர்கள்.

அதனால் தலையை மட்டும் காட்டுவதானால் வர வேண்டாம். வேறு விடுதி பார்த்துக்கொள்கிறேன், உங்கள் மேல் வருத்தம் இல்லை. பெட்டியோடு வருவதானால் வாருங்கள். சனிக்கிழமை வரைக்கும்தான் வாத்தியார் வீட்டைப் பிடித்து வைப்பாராம். விலாசத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். உங்கள் குறட்டையைப் பற்றி நான் அவரிடம் மூச்சு விடவில்லை.

உங்கள் வாயாடி

சனிக்கிழமை, மதியம்
(வாத்தியார் வீட்டு அம்மா கையில் உன் கம்பெனிக்குக் கொடுத்தனுப்புகிறேன்)

வாயாடிக்கு,

பெட்டியோடு வந்துவிட்டேன். அண்ணனிடம் சொன்னேன். அவரே என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற்றிவிட வந்தார். உளி, இழைப்புளி எல்லாவற்றையும் கொண்டு வந்திருக்கிறேன். அங்கே ஒன்றும் பாக்கி வைக்கவில்லை.

நீ கம்பெனியில் இருப்பாய் என்று நேராக வீட்டுக்கு வந்தேன். கீழே யாரும் இல்லை. மாடி பூட்டாமல் இருந்தது. உள்ளே போய்க் கட்டிலுக்கு அளவெடுத்தேன். இரண்டு பேருக்குத் தாராளமாக வரும்.

மாடிக் கதவு தரையில் உரசியது. அடியில் இழைத்தால் சரியாகும் என்று கழற்றினேன். மேலே இழைக்க இடம் போதவில்லை. கதவைத் தோளில் வைத்துக்கொண்டு படி இறங்கினேன். பாதிப் படியில் வாத்தியார் எதிரே வந்தார்.

மாடிக்கு வரப்போகிற பெண்ணின் கணவர் என்று சொன்னேன். நிரூபிக்கச் சொன்னார். என்னிடம் உளிப் பைதான் இருந்தது, காட்டினேன். அதற்குப் பிறகு அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டுவிட்டார். இப்போது கீழே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். சுற்றி ஏழெட்டுப் பேர் நிற்கிறார்கள். நீ வந்து, இவர் என் கணவர்தான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னால்தான் எழுந்திருக்க விடுவார்களாம்.

அவசரம் இல்லை, வேலையை முடித்துவிட்டு வா. காபி கொடுத்தார்கள். கதவை மட்டும் என் கையில் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

உன் தச்சன்