கன்னத்து மேடு

சங்கரிக்கு,

தாமலில் உன் அம்மா வீட்டில் சௌக்கியமா என்று கேட்கக்கூடக் கூச்சமாக இருக்கிறது.

பட்டறையில் இருக்கும் சிஎன்சி மெஷின், போட்டோவில் வெள்ளையை மேடாகவும் கருப்பைப் பள்ளமாகவும் மரத்தில் செதுக்கும். நம் கல்யாண நாள் பரிசாக உன் போட்டோவைச் செதுக்கினால், கன்னத்து வெள்ளைத் திட்டு கட்டி மாதிரி புடைத்துவிடும் என்றுதான் கம்ப்யூட்டரில் அதன்மேல் நிறம் பூசினேன். நான் சொன்ன காரணம் பொய்யில்லை.

செதுக்கிய பலகையில் உன் புடவைக்கரை மயில்கூட அச்சாக வந்திருந்தது. கல்யாண நாளன்று நீ அந்தக் கன்னத்தைத் தடவிப் பார்த்து, "நல்லா இருக்குது. யாரு இது?" என்றாய். பிறகு பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய்.

அந்தத் திட்டு என் கண்ணுக்கே தெரியாது என்று உன்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன். பூசும்போது போட்டோவைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை, சங்கரி. அதன் ஓரம் முழுக்க எனக்கு மனப்பாடமாக இருந்தது.

முகம் காட்ட முடியாமல்,
உன் வீட்டுக்காரன்