க்வைதர் கொடுத்த ஏழு இரும்பு முளைகள்

அன்பு மகன் ஸாலிஹீனுக்கு, உன் தந்தை இத்ரீஸ் சொல்லச் சொல்ல ரயில் நிலையக் குமாஸ்தா ஷௌகி எழுதுவது. அல்லாஹ்வின் கருணையால் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, ஆடுகள் மேய்கின்றன, நானும் நடமாடுகிறேன். மிலானில் குளிர் தொடங்கியிருக்கும், நெஞ்சை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. உன் அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, ஆனால் ஐந்து நாளாக என்னோடு பேசவில்லை. போனில் பேசினால் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், அதனால்தான் கடிதம்.

ஐம்பது வருஷத்துக்கும் முன்னால், ராஜா கப்பலேறி நாட்டை விட்டுப் போனாரே, அந்த வருஷத்துக் கதை இது. வெட்டுக்கிளி வந்து நம் அத்தி மரங்களை மொட்டையடித்ததும் அந்த வருஷம்தான். அப்போதுதான் உன் சித்தப்பா ஹமத், இருபது வயது, தப்பிப்போன ஒட்டகத்தைத் தேடி மேட்டுக்கு அந்தப் பக்கம் போனான். வெள்ளைக்காரர்கள் சண்டை முடிந்து போகும்போது கண்ணிவெடி புதைத்த இடத்தைச் சுற்றி இரும்பு முளை நட்டு முள்கம்பி கட்டியிருந்தார்கள். ஹமத் போன அன்று அங்கே முளையும் இல்லை, கம்பியும் இல்லை. அவனைப் போர்வையில் அள்ளிக்கொண்டு வந்தவன் நான். அடியில் திருகு வைத்த முளை அது, மணலில் திருகினால் எந்தக் காற்றுக்கும் பெயராது, கூடாரக் கயிறு கட்ட அதைப் போல வேறு கிடையாது. அவற்றைப் பிடுங்கியவன் உன் மாமா க்வைதர் என்று ஊரே முணுமுணுத்தது. பெரியவர்கள் கூடிக் கேட்டார்கள். அவன் தர்காவில் கையை வைத்து, ஒன்றைக்கூடத் தொடவில்லை என்று சத்தியம் பண்ணினான். சத்தியத்துக்கு மேல் பேச்சில்லை, எழுந்து வந்துவிட்டேன். மூன்று வருஷம் கழித்து, மனக்கசப்பு தீரட்டும் என்று பெரியவர்கள் அவன் தங்கையை எனக்குக் கட்டிவைத்தார்கள். நான் அவன் வீட்டில் சாப்பிட்டேன், மகனே. ஐம்பது வருஷம் சாப்பிட்டேன்.

போன வியாழக்கிழமை போர் நினைவிடத்தில் வருஷா வருஷம் நடக்கும் மரியாதை. வெளிநாட்டுக்காரர்கள் மலர்வளையம் வைத்தார்கள், எங்களைப் போன்ற கிழவர்களைப் பந்தலில் உட்கார வைத்தார்கள். அவர்கள் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு கல், கல்லில் பேர், கல்லுக்குக் கீழே பூச்செடி. ஹமத்துக்கு எங்கே இருக்கிறது கல்? கூட வந்த ஷௌகி, உள்ளே புதிதாக வைத்ததைப் பார்க்கலாம் என்று கூட்டிப்போனார். கண்ணாடிப் பெட்டிக்குள் ஏழு திருகு முளைகள். பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். மேட்டுக் கண்ணிவெடி வயலின் வேலி முளைகள், க்வைதர் குடும்பத்தார் தங்கள் கூடாரத்தில் ஐம்பது ஆண்டு பயன்படுத்தி அன்பளிப்பாகத் தந்தவை என்று வாசித்தார். மறுபடி வாசிக்கச் சொன்னேன். மூன்றாம் தடவையும் சொன்னேன். அவன் பேரன் பெருமைக்காகக் கொடுத்திருக்கிறான், தாத்தா பண்ணிய சத்தியம் அந்தப் பையனுக்கு எங்கே தெரியும்.

பந்தலுக்குத் திரும்பினேன். க்வைதர் முன் வரிசையில், காலை நீட்டிக்கொண்டு, தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். என் கையிலும் ஒரு குவளை வந்தது. அவன் காலடியில் மணலில் ஊற்றிக் கவிழ்த்து வைத்தேன். இனி உறவில்லை என்கிறேன் என்று நம் ஆட்கள் எல்லாருக்கும் புரிந்தது. பெட்டியில் இருப்பதைச் சொன்னேன். அவன் முகம் ஒரு நொடி செத்தது, பிறகு சிரித்தான்.

“இரும்புதானே மச்சான். அந்தக் காலத்துல யாரு பிடுங்கல? உன் கூடாரமும் அதுலதானே நின்னுச்சு?”

“நின்னுச்சு. வேற வேலியில பிடுங்கினது. தர்காவுல நிறுத்திக் கேட்டிருந்தா ஆமான்னு சொல்லியிருப்பேன். நீயும் ஆமான்னு சொல்லியிருந்தா அன்னைக்கே உன்ன விட்டிருப்பேன்.”

“பலகைய எழுதினவன் அப்ப பொறக்கவே இல்ல. நான் அதக் கொண்டாந்து திருகினதக் கண்ணால பாத்த ஆளு யாராவது உசிரோட இருந்தா கூட்டிட்டு வா, போ.”

பெரியவர்களிடம் போனேன். அவர்களும் அதையேதான் சொல்கிறார்கள், கண்ணால் பார்த்த சாட்சி வேண்டுமாம். சாட்சி வந்தால் அவன் சத்தியம் பொய்யாகும், ஹமத்தின் ரத்தம் அவன் தலையில் வந்து நிற்கும். நம் வழக்கப்படி அவனும் அவன் மக்களும் கிணற்றை விட்டு, இந்தக் கடற்கரையை விட்டு, வேறு ஆட்களிடம் அடைக்கலம் கேட்டுப் போக வேண்டும். எழுபத்தெட்டு வயதில் அவன் தன் கூடாரத்தைத் தன் கையாலேயே பிரிக்க வேண்டும், நான் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதைப் பார்க்காமல் எனக்குச் சாவு வராது. மாமாவை விட்டுவிடுங்கள் அப்பா என்று இனி எனக்கு எழுதாதே.

உனக்கும் உன் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் நீண்ட ஆயுளைத் தரட்டும், உன் கைவேலையில் பரக்கத்தைப் போடட்டும். பெரியவளை இருட்டின பிறகு வெளியே அனுப்பாதே. ஒன்று மறக்காதே, அடுத்த கடிதத்தை எனக்கு எழுத வேண்டாம், உன் அம்மாவுக்கு எழுது. ஆலிவ் பறிப்பு முடிந்ததும் பெரியவர்கள் கூடுகிறார்கள், அதற்குள் வரட்டும். நான் கேட்டால் எழுந்து ஆட்டுப் பட்டிக்குப் போய்விடுகிறாள், நீ கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க மாட்டாள். க்வைதர் அந்த முளைகளைக் கொண்டுவந்து திருகிய நாளில் அந்தக் கூடாரத்தில் இருந்தது ஐந்து பேர். அவன் அப்பா பஞ்ச வருஷத்தில் போனார். அவன் அம்மா பிரசவத்தில் போனாள். அண்ணன் லிபியாவில் லாரி கவிழ்ந்து செத்தான். வாய் திறக்க மாட்டான் க்வைதர். அவன் திருகத் திருகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற பதினான்கு வயதுப் பெண் ஒருத்திதான் மிச்சம், உன் அம்மா மப்ரூக்கா.

இப்படிக்கு,
உன் தந்தை இத்ரீஸ், பெருவிரல் ரேகை.