கதவோரத்துப் பாய்

இன்று காலை வார்டுக்குள் நுழைந்ததும் பினாயில் நெடி குப்பென்று அடித்தது. நாளைக்குப் பெரிய துரை பார்வையிட வருகிறாராம். நீ போய் ஏழு வருஷமாகியும் இந்த வாடை வந்தால் உன் முகம்தான் முன்னால் நிற்கிறது.

நீயும் நானும் ஒரே நாளில் இந்தப் பெண்கள் வார்டில் நர்ஸாகச் சேர்ந்தவர்கள். முப்பது கட்டிலுக்கு இரண்டு பேர். கட்டில்களுக்கு நடுவே தரையில் பாய் போட்டு இன்னும் இருபது பேர் கிடப்பார்கள். சுங்கை பினாங் ஆற்றங்கரைக் குடிசைகளில் காய்ச்சல் பரவினால் பாய்கள் வாசல்வரை வந்துவிடும். மூன்றாவது நர்ஸ் வேண்டும் என்று கேட்கப் போனோம். ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"கட்டிலத்தாம்மா எண்ணச் சொல்லியிருக்கு. பாயெல்லாம் யாரு எண்ணுவா? போங்கலா, வேலையப் பாருங்க."

"கட்டில்ல படுத்தா மனுஷி, பாயில படுத்தா மூட்டையா?" என்று நீ படியிறங்கும்போது கத்தினாய்.

மறுநாள் ஒரு பால் டின்னும் மடி நிறையப் புளியங்கொட்டையும் கொண்டுவந்தாய். ஒரு வேலை முடிந்தால் டின்னில் ஒரு கொட்டை. எழுந்து நடக்கிறவளுக்கு மூன்று கொட்டைதான் விழுந்தது. கிடந்த கிடையாய்க் கிடப்பவளுக்குப் பதினைந்தும் போதவில்லை. "ஆள எண்ணாதடி, நாம படுற பாட்ட எண்ணு" என்றாய். ஒரு வாரத்தில் டின் வழிந்தது. துரை வரும்போது அவர் முன்னாலேயே கவிழ்த்துக் காட்டுவோம் என்று குதித்தாய்.

ஆனால் நாம் என்ன செய்தோம்? மேட்ரன் சொன்னாள் என்று விடியும் முன்னே வந்து பினாயில் ஊற்றித் தரையைத் தேய்த்தோம். பாயில் கிடந்தவர்களைப் பின் வராந்தாவுக்கு இழுத்துப் போட்டோம். ஒருத்தி முனகினாள், "சும்மா இரு" என்று அதட்டினேன். பாய்களைச் சுருட்டியது இந்தக் கைதான். அழுக்கு வார்டு என்று பெயர் வாங்கக்கூடாதாம், பெரிய ரோஷம் நமக்கு! துரை வந்தபோது எல்லா வேலையும் முடிந்து கைகட்டி நின்றோம். அவர் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். கிராணி அதைவிட அதிகமாகச் சிரித்தான்.

"ரெண்டு பேரும் சும்மாதான நிக்கிறாங்க, மூணாவது ஆளு எதுக்குன்னு துரை கேக்குறாரு."

நீ டின்னை நீட்டினாய். வார்டில் குப்பையா என்று மேட்ரன் அதைப் பிடுங்கிச் சாக்கடையில் கொட்டினாள். தூ! அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் காறித் துப்பத் தோன்றுகிறது. அதைவிட, வாய் திறக்காமல் நின்ற என்னை நினைத்தால்.

மூன்றே மாதம். குடற்காய்ச்சல் உன்னைப் பிடித்தது. கட்டில் காலியில்லை. நம் வார்டிலேயே கதவோரத்தில் உனக்குப் பாய் விரித்தேன். உன் இடத்துக்கு ஆள் போடவில்லை, நான் ஒருத்திதான். மூன்றாம் நாள் மத்தியானம், "தண்ணி தாடி" என்றாய். "இதோ வர்றேன்" என்றேன். பன்னிரண்டாம் கட்டிலில் ஒருத்தி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். அடுத்தவளுக்குப் பிரசவ வலி. நான் தம்ளரோடு வந்தபோது உன் கண் திறந்திருந்தது, மூச்சு இல்லை. கிராணியின் அன்றைய தாளில் கட்டில் முப்பது, நர்ஸ் ஒன்று என்றுதான் இருந்தது. நீ எதிலும் இல்லை.

இப்போது இந்த வார்டுக்கு நான்தான் மூத்தவள். சற்றுமுன் சின்ன நர்ஸ் ஒருத்தி வந்து கேட்டாள்.

"அக்கா, பாயெல்லாம் எப்ப சுருட்டணும்? மேட்ரன் கேக்குறாங்க."

"சுருட்டாத."

"திட்டுவாங்கக்கா."

"திட்டட்டும்லா. வேலைய விட்டுட்டு யாரும் கைகட்டி நிக்கவும் வேணாம்."

கதவோரத்தில் இன்று பாலிக் புலாவிலிருந்து வந்த ஒருத்தி படுத்திருக்கிறாள். அவள் தலைமாட்டில் தண்ணீர் வைத்துவிட்டேன். நாளைக்கு உள்ளே வரவேண்டுமானால் துரை அவளைத் தாண்டித்தான் வரவேண்டும்.