இடது காதில் வயலின்

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் அவள் சொல்வதைவிடக் கொஞ்சம் அதிகம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் செய்தால் அத்தான், "ஸ்பீக்கர்ல போடு, நானும் கேக்கறேன்" என்கிறார். அதற்குப் பிறகு நீ "நல்லா இருக்கேன்" என்பதைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. அதனால்தான் உன் தையல் கூடத்து முகவரிக்கு எழுதுகிறேன்.

எங்கள் காப்பீட்டு அலுவலகத்தில் பாட்டுப் போடாதவர்கள் இல்லை. பாட்டைக் கேட்பவர்தான் யாருமில்லை. மேலாளர் தன் போனைக் காலி டம்ளருக்குள் நிறுத்தி வைக்கிறார், சத்தம் கூடுமாம். பாடகி மூச்சு வாங்கும் இடம் பார்த்து இவர் பேச ஆரம்பிக்கிறார். பக்கத்து மேசைக்காரி, "நான் எல்லா டைப் பாட்டும் கேப்பேன்பா" என்கிறாள். எதைப் போட்டாலும் மேய்வேன் என்று ஆடு சொன்னால் அதில் என்ன பெருமை? நம் கீழ்வீட்டுக்காரரோ ஆளுயர ஸ்பீக்கர் வாங்கி, தூசி படியும் என்று பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் வைத்திருக்கிறார். அவரிடமிருந்து பாட்டாவது தப்பித்தது. இதையெல்லாம் நான் யாரிடமும் சொல்வதில்லை. கோப்பைப் பார்த்தபடி குனிந்திருப்பேன். அலுவலகத்தில் எனக்கு 'மியூட்' என்று பட்டப்பெயர்.

அத்தான் பார்த்திருக்கும் மாப்பிள்ளைக்கு வருகிறேன். அவர் மருந்து விற்பனைப் பிரதிநிதி என்பது உனக்குத் தெரியும். அவர் பாட்டை ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கிறார் என்பது தெரியுமா? நேரம் மிச்சமாம். பாதிப் பாட்டில் அடுத்ததற்குத் தாவுகிறார். தினமும் பத்துப் பதினைந்து நொடித் துண்டுகளாக எனக்கு அனுப்பி, பக்கத்தில் தீப்பிடிக்கும் படம் போடுகிறார். கடைக்காரர் சுவை பார்க்கக் கொடுக்கும் துணுக்கிலேயே வயிறு நிறைத்துக்கொள்கிற ஆள்.

முதல் சந்திப்பில் நான் வாய் திறந்தது ஒரே ஒரு விஷயத்துக்கு. நம் நீல அட்டை ஆல்பத்தைப் பற்றிச் சொன்னேன். எழுந்து போகாமல், எதையும் தாண்டாமல், முதல் பாட்டிலிருந்து கேட்க வேண்டும், யாரும் கண்டுகொள்ளாத அந்தக் கடைசிப் பாட்டுக்காகத்தான் மற்றவை எல்லாம் என்றேன். மறுநாளே, "கேட்டுட்டேன், கடைசிப் பாட்டுல அந்த வயலின் சூப்பர்" என்று செய்தி அனுப்பினார். ஆள் மாட்டினார் என்று எனக்கு ஒரே குஷி. அந்தப் பாட்டில் ஒரு குரலும் ஒரு கிடாரும்தானே, வயலின் எங்கிருந்து வரும்? அம்மாவிடம் போய், புளுகர், கேட்காமலே கேட்டதாகச் சொல்கிறார் என்றேன். "ஒரு வயலினுக்காகவாடி ஒரு வரனை வேண்டாம்ங்கறே" என்றாள்.

நிரூபிக்கத்தான் உன் பழைய டேப் பிளேயரை எடுத்தேன். இயர்போனை இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டேன். வயலின் இருக்கிறது, அக்கா. இடது பக்கத்தில் மட்டும்.

நமக்கு இருந்தது ஒரே இயர்போன். இடது உனக்கு, வலது எனக்கு. நீ கல்யாணமாகிப் போன பிறகும் எனக்குப் பழக்கம் விடவில்லை. இடது முனை தோளில்தான் தொங்கும். இவ்வளவு காலமும் நான் கேட்டது பாதி ஆல்பம்தான். ஊரில் இருக்கிறவர்களின் காதையெல்லாம் குறை சொல்கிற நான்.

குரல் முடிந்த பிறகும் அந்த வயலின் தனியாகப் போகிறது. என் பக்கம் வெறும் மௌனம். "முடிஞ்சுபோச்சு, எழுந்திரு" என்று நான் பொத்தானை அழுத்தப் போவேன். நீ கண்ணை மூடியபடியே என் கையைப் பிடித்து, "இரு" என்பாய். தூங்குகிறாய் என்று நினைத்துக்கொள்வேன்.

மாப்பிள்ளை சொன்னது சரி. அதற்காக என் எண்ணம் மாறிவிடவில்லை. அடுத்த முறை அவர் வந்தபோது, வயலின் தனியாகப் போகும் அந்தப் பாட்டின் முடிவைப் பற்றிக் கேட்டேன். "அது வரைக்கும் யாருங்க கேப்பாங்க" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "கல்யாணம் ஆனா இதெல்லாம் தானா விட்டுப்போயிடும். உங்க அக்காவும் முன்னாடி இப்படித்தானாம், இப்போ வீட்டுல முணுமுணுக்கறதுகூட இல்லையாம், உங்க அத்தான் பெருமையா சொன்னார்" என்றார்.

பெருமையாக.

வரும் ஞாயிற்றுக்கிழமை அத்தான் போன் செய்வார், என் பதிலைக் கேட்பார். "நீ படிச்ச பொண்ணு, ஆனா வாழ்ந்து பார்த்தவ உன் அக்கா, அவ சொல்றதுதான்" என்கிறார் அப்பா. நீ ஸ்பீக்கரில் "நல்ல இடம்தான்" என்று சொன்னதை அவர் பிடித்துக்கொண்டிருக்கிறார். என் பக்கத்தில் கேட்டது அந்த இரண்டு வார்த்தைதான். அதற்கு மேல் உன் பக்கத்தில் ஏதாவது ஓடிக்கொண்டிருந்தால், இந்த முறையாவது எனக்குச் சொல்.

நீல அட்டைக் கேசட்டையும் டேப் பிளேயரையும் இதோடு அனுப்புகிறேன். சாப்பாட்டு இடைவேளையில் கேள், வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம். நீண்ட பதில் எழுத உனக்கு முடியாமல் போகலாம். "இரு" என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும். அப்பாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள், அக்கா.

வலது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்,
உன் தங்கை